அடியில கெடச்சது ரகசிய ஓவியமா? டச்சு வீட்டுக் காட்சி ஓவியங்கள்ல பெயிண்ட் எப்படி அடுக்கியிருக்காங்க

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரோட ஓவியங்கள் பத்தி மூணு செய்தி கொஞ்சம் கிட்டக் கிட்டவே வந்துச்சு, மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறவங்க இன்னும் நிறைய பேரு இருக்காங்க. 2021 செப்டம்பர்ல ஜெர்மனியில டிரெஸ்டன் மியூசியம், லெட்டர் படிக்கிற பொண்ணு ஓவியத்துல, அவளுக்குப் பின்னாடி வரைஞ்சிருக்கற சுவத்துல ஒரு பெரிய க்யூபிட் படம், அதாவது ரோமானியக் காதல் கடவுளோட படம், இருந்துச்சுன்னு வெளிய எடுத்துக் காட்டுச்சு. 2022 செப்டம்பர்ல ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியம், பால் ஊத்துற பொண்ணு ஓவியத்துக்கு அடியில ஜாடி மாட்டுற ஒரு பலகையும் ஒரு கணப்புக் கூடையும் இருக்குன்னு சொல்லுச்சு. அடுத்த மாசமே வாஷிங்டன் நேஷனல் கேலரி, எங்ககிட்ட இருக்கற புல்லாங்குழல் வெச்சிருக்கற பொண்ணு ஓவியம் வெர்மீர் வரைஞ்சதே இல்லன்னு சொல்லிடுச்சு.

மூணுமே "பெயிண்டுக்கு அடியில பாத்தோம்"ங்கற ஒரே மாதிரி செய்தியாத்தான் தெரியும். ஆனா ஒண்ணுல அடியில இருந்தத மறைச்சது வேற யாரோ, இன்னொண்ணுல மறைச்சது வெர்மீரே, மூணாவதுல அடியில எதுவும் ஒளிஞ்சே இல்ல, பெயிண்ட அடுக்குன வரிசைதான் தப்பா இருந்துச்சு. இந்த வித்தியாசம் புரியணும்னா இந்த ஓவியங்கள்ல பெயிண்ட் எந்த வரிசையில ஏறுச்சுன்னு தெரியணும், அதத் தெரிஞ்சுக்கிட்டா செய்தி தானாப் புரிஞ்சிடும்.

எந்த ஓவியங்களப் பத்திப் பேசுறோம்

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து, குறிப்பா 1650ல இருந்து 1675 வரைக்கும். ராஜா ராணி, சாமி படம் எல்லாம் விட்டுட்டு சமையலறை, கொல்லைப்பக்கம், லெட்டர் எழுதுற மேஜை, குழந்தைக்குப் பேன் பாக்குற அம்மா இப்படி வீட்டுக்குள்ள நடக்கறத வரைஞ்சாங்க. டெல்ஃப்ட்ல வெர்மீரும் பீட்டர் டி ஹூக்கும், லைடன்ல ஹெரிட் டௌவும் ஃப்ரான்ஸ் வான் மீரிஸும், டெவென்டர்ல ஹெரார்ட் டெர் போர்க், டோர்ட்ரெக்ட்ல நிக்கோலாஸ் மாஸ். வாங்குனவங்களும் ஊர்ல வசதியா இருந்த குடும்பங்கள்தான், வீட்டுச் சுவத்துல மாட்டுறதுக்கு. அதனால சைஸ் சின்னது. பால் ஊத்துற பொண்ணு ஓவியம் 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், அவ்வளவுதான், கையில தூக்கிட்டுப் போயிடலாம். ரெண்டு அடி தள்ளி நின்னு பாக்கறதுக்குன்னே பண்ணது, அதனாலதான் ஒவ்வொரு லேயர்லயும் இவ்வளவு கவனம்.

ஆயில் பெயிண்ட் எப்படி நடந்துக்கும்

இது புரியாம மேல போனா எதுவும் நிக்காது, அதனால நாலு விஷயம்.

1. ஆயில் பெயிண்ட்னா கலர் பவுடரும் எண்ணெயும், அவ்வளவுதான். எண்ணெய் பெரும்பாலும் ஆளி விதை எண்ணெய், சில எடத்துல வால்நட் எண்ணெய். டியூப்ல அடைச்ச பெயிண்ட் 1841லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி கல்லு மேல பவுடரப் போட்டு, எண்ணெய் விட்டு, நம்ம அம்மியில அரைக்கிற மாதிரியே இன்னொரு கல்லால அரைக்கணும். 1676ல வெர்மீர் வீட்டுச் சாமான்களுக்கு எடுத்த பட்டியல்ல ரெண்டு ஈசல் (ஓவியத்த நிறுத்தி வெக்கிற சட்டம்), மூணு பேலட்டோட (கலர் கலக்குற பலகை), கலர் அரைக்கிற ஒரு கல் மேஜையும் இருக்கு. நைசா அரைக்கலாம், கொரகொரன்னும் அரைக்கலாம், அது அரைக்கிறவர் முடிவு. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, வாஷிங்டன் செய்தியே இதுலதான் வந்து நிக்குது.

2. இந்த எண்ணெய் ஆவியாகிக் காயறதில்ல. காத்துல இருக்கற ஆக்சிஜன இழுத்துக்கிட்டு எண்ணெயே கெட்டியாயிடுது. மேல தொட்டா ஒட்டாத நிலைக்கு வரவே நாள் கணக்காகும், உள்ள முழுசா இறுக வருஷக் கணக்காகும். காரீயம் கலந்த கலரு சீக்கிரம் காயும், எலும்புக் கரி மாதிரி கருப்பு ரொம்ப மெதுவாக் காயும். அதனால ஒரு லேயர் போட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கணும், கீழ இருக்கற லேயர்ல எண்ணெய் கம்மியாவும் மேல போகப் போக எண்ணெய் அதிகமாவும் இருக்கணும், மாத்திப் பண்ணா மேல் லேயர் வெடிச்சிடும்.

3. எல்லாக் கலரும் அடியில இருக்கறத மறைக்காது. வெள்ளை வேட்டி காஞ்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது, நனைஞ்சா உள்ள இருக்கறது தெரியும் இல்லையா, அதே கதைதான் இங்கயும். நூல் நூலா இருக்கற எடத்துல காத்துக்குப் பதிலா தண்ணி போனதும் வெளிச்சம் சிதறாம நேரா உள்ள போயிடுது. பவுடரும் எண்ணெயும் வெளிச்சத்த வளைக்கிற அளவு கிட்டக் கிட்ட இருந்தா பெயிண்ட் கண்ணாடி மாதிரி ஆயிடும், தள்ளித் தள்ளி இருந்தா மறைக்கும். ஆளி எண்ணெயோட ஒளிவிலகல் எண் சுமார் 1.48. அல்ட்ராமரின் நீலம் 1.50, அதனால எண்ணெயில போட்டா கண்ணாடி மாதிரி ஆழமா கருநீலமாத் தெரியும். காரீய வெள்ளை சுமார் 2, அதனால நல்லா மறைக்கும். சாக்பீஸ் மாவு எண்ணெய்க்குக் கிட்ட வர்றதால வெள்ளையா இருந்தும் எண்ணெயில போட்டா மங்கி, பாதி ஊடுருவுற மாதிரி ஆயிடும்.

4. இதனால ஒரு கலர ரெண்டு விதமா வரவழைக்கலாம். பேலட்லயே கலந்து பூசலாம், இல்ல ஒரு கலரு மேல இன்னொரு கலர மெலிசா கண்ணாடிப் பேப்பர் மாதிரி போத்தலாம். ரெண்டாவதுக்கு கிளேஸ்னு பேரு. வெளிச்சம் மேல் லேயரத் தாண்டி உள்ள போய், கீழ இருக்கறதுல பட்டுத் திரும்பி வரும், அதனால உள்ளேர்ந்து ஒளி வர்ற மாதிரி இருக்கும். வெர்மீரோட சிவப்புத் தொப்பி போட்ட பொண்ணு ஓவியத்துல தொப்பிக்கு அடியில வெர்மிலியன், அதாவது நம்ம சாதிலிங்கம், அது மேல மஞ்சிட்டி வேர்ச் சாயத்துல இருந்து எடுத்த சிவப்பு கிளேஸ். வெறும் வெர்மிலியன்ல அந்த ஆழம் வராது.

பால் ஊத்துற பொண்ணு, அடியில இருந்து மேல

இப்ப ஒரே ஓவியத்த எடுத்துக்குவோம், சுமார் 1660ல வரைஞ்சது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவங்க பட்டி பாத்து, ப்ரைமர் அடிச்சு, அப்புறம்தான் கலர் கோட்டுக்கு வருவாங்க, இங்கயும் அதே மாதிரிதான்.

1. கேன்வாஸ் லினன் துணி. மொதல்ல மிருகத் தோல்ல இருந்து காய்ச்சுன பசையப் பூசணும், இல்லன்னா எண்ணெய் துணியில ஏறி நாளடைவுல நாரையே அரிச்சிடும். அது மேல ப்ரைமர், சாக்பீஸ் மாவும் காரீய வெள்ளையும் கொஞ்சம் பழுப்பு மண்ணும் சேத்தது. வெர்மீர் கேன்வாஸ்ல இது பெரும்பாலும் சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நடுத்தர நிறம். பளிச்சுன்னு வெள்ளையா விடாததுக்குக் காரணம் இருக்கு, நடுத்தர நிறத்துல ஆரம்பிச்சா வெளிச்சத்த மேல ஏத்தலாம், நிழல கீழ எறக்கலாம், ரெண்டு பக்கமும் எடம் கெடைக்கும்.

2. அடுத்து கோணம். அந்தப் பொண்ணோட வலது கைக்கு மேல கேன்வாஸ்ல ஒரு குண்டூசி ஓட்டை இருக்கு. அங்க ஊசியக் குத்தி, நூலக் கட்டி, நூல்ல சுண்ணாம்பு தடவி, இழுத்துப் புடிச்சு சுண்டுனா நேர்கோடு விழும், ஆசாரி மரத்துல நூல் அடிக்கிறாரே அதேதான். ஜன்னல் சட்டம் மாதிரி சுவத்துல உள்ள வாங்கிப் போற கோடெல்லாம் அந்த ஊசியப் பாத்தே போகும், நம்ம கண்ணும் தன்னால பால் ஊத்துற கைக்குப் பக்கத்துல போய் நிக்கும். வெர்மீரோட பல ஓவியங்கள்ல இந்த ஓட்டை இருக்கு, டி ஹூக்கும் இதே ஊசி நூல் வேலை பண்ணியிருக்காரு.

3. இப்பத்தான் 2022ல தெரிஞ்ச லேயர் வருது. கருப்பு பெயிண்ட்ல, அகலமான பிரஷ்ல, வேகமா, எங்க நிழல் எங்க வெளிச்சம்னு ஒரு மொத்தக் கணக்கு. பொண்ணோட இடது கைக்கு அடியில அந்தக் கருப்பு இழுப்பு தடியாவே இருக்கு. வெர்மீர்னாலே ஒவ்வொரு புள்ளியா மாசக் கணக்குல மெதுவா வெச்சவருன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, மேல் லேயர் அப்படித்தான், ஆனா ஆரம்பம் வேகம். எனக்கு இந்த மூணு செய்தியில ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா இவ்வளவு அமைதியா நிக்கிற ஒரு ஓவியத்துக்குக் கீழ ஒரு அவசரமான கை இருக்கு.

4. அடுத்து டச்சுக்காரங்க டூட்வெர்ஃப்னு சொல்ற லேயர், செத்த கலருன்னு அர்த்தம். ஒவ்வொரு பொருளுக்கும் மங்கலான ஒரு அடிக்கலர். இது காய்ஞ்சதும் படம் முழுசும் தெரியும் ஆனா உயிரு இருக்காது. மாத்தணும்னா இங்கயே மாத்திடணும், இதுக்கு மேல போனா பவுடருக்குச் செலவு பண்ணதும் வீண், காய வெச்ச நாளும் வீண்.

5. அப்புறம்தான் மேல் வேலை, ஒவ்வொரு பகுதியா. மஞ்சள் ரவிக்கை காரீயமும் வெள்ளீயமும் சேத்துச் சுட்ட மஞ்சள். நீல ஏப்ரன் அல்ட்ராமரின். இந்த மஞ்சள் 18ஆம் நூற்றாண்டுல வழக்கொழிஞ்சு போய், அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே மறந்து, 1941ல மியூனிக்ல ரிச்சர்ட் யாகோபிங்கறவரு சோதனை பண்ணித் திரும்பக் கண்டுபிடிச்சாரு.

6. கடைசியா வெளிச்சப் புள்ளிகள். ரொட்டியக் கிட்டப் போய்ப் பாத்தா மேல் ஓடு முழுக்க குட்டிக் குட்டிப் பொட்டு, தடிமனா, கையால தடவுனா தட்டுப்படுற அளவுக்கு. மாவு வெடிச்ச எடம், எள்ளு மாதிரி, உப்பு மாதிரி எல்லாம் தோணும், ஆனா பக்கத்துல போனா வெறும் பெயிண்ட் பொட்டுதான்.

அந்தப் பொட்டுகள வெச்சுத்தான் கேமரா அப்ஸ்க்யூரா வாதம் வந்துச்சு, அதாவது இருட்டறையில லென்ஸ் வழியா விழுற பிம்பத்தப் பாத்து வரைஞ்சாருன்னு. லென்ஸ்ல ஃபோகஸ் தவறுனா பளபளப்பான எடங்கள்ல வட்ட வட்டமா வெளிச்சம் தெரியும், அது வாஸ்தவம். ஆனா ரொட்டி பளபளக்கற பொருளே கிடையாது, அங்க லென்ஸ்ல வட்டம் வராது. லென்ஸப் பாத்திருக்கலாம், பாத்ததுல இருந்து ஒரு பழக்கத்த எடுத்துக்கிட்டு வேண்டிய எடத்துல எல்லாம் வெச்சாருன்னு சொன்னாத்தான் பொருந்துது. எந்த லென்ஸும் அஞ்சு லேயர் எப்படி அடுக்கணும்னு சொல்லிக் குடுக்காது.

பின்னாடி இருக்கற வெறும் சுவத்தையும் சும்மா விட்டுடக் கூடாது. ஒரு ஆணி அடிச்சிருக்கு, ஆணிக்கு நிழல் இருக்கு, ஆணி பிடுங்குன ஓட்டைகள் இருக்கு, காரை பேந்த எடம் இருக்கு. வெறும் வெள்ளைச் சுவருன்னு நினைச்சா இடது பக்கம் ஜன்னலுக்குக் கீழ நிழலா இருண்டும், வலது பக்கம் போகப் போக வெளுத்தும் இருக்கும். பொண்ணு இதுக்கு நேர் எதிர், இடது பக்கம் அவ மேல வெளிச்சம், வலது பக்கம் நிழல். அதனால ரெண்டு பக்கமுமே சுவத்துல இருந்து அவ பிரிஞ்சு முன்னாடி வந்து நிக்கிறா. அதுக்கும் மேல வலது பக்க ஓரத்துல தோள்ல இருந்து கீழ மெலிசா ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருக்காரு, நிஜத்துல அப்படி ஒரு கோடு எந்த ஆளு மேலயும் இருக்காது, ஆனா அது இருக்கறதாலதான் அவ அவ்வளவு உறுதியா நிக்கிற மாதிரி இருக்கு.

கலரு எங்கேர்ந்து வந்துச்சு

காரீய வெள்ளைதான் இந்த மொத்தக் கலைக்கும் முதுகெலும்பு. மண் பானையில அடியில வினிகர், மேல காரீயத் தகடச் சுருட்டி வெச்சு, பானைகள குதிரைச் சாணிக்குள்ள பொதைச்சு வெச்சிடுவாங்க. சாணி சூடு குடுக்கும், வினிகர் ஆவி காரீயத்த அரிக்கும், சாணியில இருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு சேந்து தகடு மேல வெள்ளையா பூத்துடும். அதச் சுரண்டி, கழுவி, அரைச்சா காரீய வெள்ளை. நச்சு, வேலை செஞ்சவங்க ஒடம்பக் கெடுத்த பொருள், அதுல எந்தச் சந்தேகமும் இல்ல.

அல்ட்ராமரின் வேற ரகம். ஆஃப்கானிஸ்தான் படக்‌ஷான் மலையில வெட்டுன லாபிஸ் லாசுலி கல்ல இடிச்சு, மெழுகும் பிசினும் சேத்து மாவு மாதிரி பிசைஞ்சு, சாம்பல் காரத் தண்ணியில போட்டுப் பிசையப் பிசைய நீலம் மட்டும் தண்ணியில எறங்கும், மத்த கல் தூள் மாவுலயே தங்கிடும். விலை அவ்வளவு ஏத்தம், அதனால மத்தவங்க பெரும்பாலும் அஸ்யூரைட்டுங்கற வேற நீலக் கல் தூள் இல்லன்னா ஸ்மால்ட்டுங்கற நீலக் கண்ணாடித் தூள வெச்சு சமாளிச்சாங்க. வெர்மீர் என்ன பண்ணாருன்னா நீலமாவே தெரியாத எடத்துலயும் இதப் போட்டாரு. ப்ரவுன்ஷ்வைக் மியூசியத்துல இருக்கற ஒயின் கிளாஸ் வெச்சிருக்கற பொண்ணு ஓவியத்துல அந்த சாட்டின் கவுனு சிவப்பு, ஆனா அதோட நிழல் மடிப்புக்கு அடியில அல்ட்ராமரின் இருக்கு. பாக்கறவங்களுக்கு நீலம் தெரியாது, நிழலு குளிர்ச்சியா இருக்கறது மட்டும் தெரியும். இத்தனைக்கும் வீட்டுல பதினோரு பிள்ளைங்க, 1675ல சாகும்போது கடனோட செத்தாரு.

மத்தவங்க கை எப்படி

எல்லாரும் வெர்மீர் மாதிரி பண்ணல, அதையும் சொல்லணும். ஹெரிட் டௌ ஓக் மரப் பலகையில வரைஞ்சாரு, துணியோட நெளிவு நெருடல் எதுவும் இருக்கக் கூடாதுன்னு. பிரஷ் போன தடமே தெரியாத அளவுக்கு வழுவழுன்னு இருக்கும். அவர நேர்ல போய்ப் பாத்த யோவாகிம் ஃபான் சான்ட்ரார்ட்டுங்கற ஜெர்மன் ஓவியர் எழுதி வெச்சிருக்காரு, விரல் நகம் அளவு தொடப்பக் கட்டையப் பாத்து இவங்க ஆச்சரியப்பட்டப்ப டௌ அதுக்கு இன்னும் மூணு நாள் வேலை இருக்குன்னாராம். தூசி விழாம இருக்க ஈசலுக்கு மேல குடை கட்டி வெச்சிருப்பாரு, ஈர பெயிண்ட்ல ஒரு தூசி விழுந்தாலும் அந்த வழுவழுப்பு போயிடும் இல்லையா.

டெர் போர்க்கோட பெருமை சாட்டின் துணி. சாட்டின்ல மடிப்பு மாறுற எடத்துல வெளிச்சம் சட்டுன்னு மாறும், பருத்தி மாதிரி மெதுவா மங்காது. அதனால சாம்பல் நிறத்துல நிழலையும் நடுத்தரத்தையும் ஈரமா இருக்கும்போதே ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டு, உச்சி வெளிச்சத்த மட்டும் கூர்மையா மேல வெச்சாரு. சுமார் 1654ல அவர் வரைஞ்ச, முதுகக் காட்டி நிக்கிற பொண்ணு ஓவியத்துல முகமே தெரியாது, கவுனு மட்டும்தான், அதுவே போதுமா இருக்கு.

உள்ள பாக்கற மெஷின்கள்

இந்த நாலுக்கும் வேலை வேற வேற.

1. எக்ஸ்ரே: காரீயம் மாதிரி கனமான உலோகம் எங்க இருக்கோ அங்க வெள்ளையாத் தெரியும். எல்லா லேயரும் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து தெரியறதால எது மேல எது கீழன்னு சொல்லாது.

2. இன்ஃப்ராரெட் கேமரா: பல கலரு இந்த ஒளிக்குக் கண்ணாடி மாதிரி ஆயிடும், கார்பன் கருப்பு மட்டும் அத உறிஞ்சிக்கும். கருப்புல போட்ட அடி வரைவு இதுலதான் தெரியும்.

3. எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ் மேப்பிங்: ஓவியத்த புள்ளி புள்ளியா ஸ்கேன் பண்ணி, காரீயம், செம்பு, பாதரசம், இரும்பு ஒவ்வொண்ணும் எங்க எங்க இருக்குன்னு தனித்தனி மேப்பாக் குடுக்கும். பாதரசம்னா வெர்மிலியன், இரும்புன்னா பெரும்பாலும் காவி மண்ணு.

4. குறுக்கு வெட்டுத் துகள்: கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்க எடுத்து மைக்ராஸ்கோப்ல பக்கவாட்டுல பாக்கறது. வரிசை தெளிவாத் தெரியறது இதுல மட்டும்தான், ஆனா ஓவியத்துல இருந்து கொஞ்சம் எடுக்கணும், அதனால ரொம்ப யோசிச்சுத்தான் எடுப்பாங்க.

இப்ப அந்த மூணு செய்தி

டிரெஸ்டன்: க்யூபிட் அடியில இருக்கறது 1979லயே எக்ஸ்ரேல தெரிஞ்சிடுச்சு. ஆனா எல்லாரும் வெர்மீரே அழிச்சிட்டாருன்னு நினைச்சதால யாரும் கை வெக்கல. 2017ல சுத்தம் பண்ண ஆரம்பிச்சப்பதான் குறுக்கு வெட்டுல பாத்தாங்க, க்யூபிட்டுக்கும் அத மறைச்ச பெயிண்டுக்கும் நடுவுல வார்னிஷும் அழுக்கும் இருந்துச்சு. ஓவியம் முழுசா முடிஞ்சப்புறம்தான் வார்னிஷ், அது மேல அழுக்குப் படிய பல வருஷம் ஆகணும், அதனால மறைச்சது வெர்மீர் செத்து ரொம்ப நாள் கழிச்சு வேற யாரோ. மறைச்ச பெயிண்டோட நிறமும் சுத்தி இருந்த அசல் சுவர விடக் கொஞ்சம் இருட்டு, ஏன்னா மறைச்சவரு பாத்தது ஏற்கனவே மஞ்சளாகிப் போன வார்னிஷ் வழியா. அப்புறம் மைக்ராஸ்கோப்புக்கு அடியில சின்னக் கத்தியால சுரண்டிச் சுரண்டி எடுத்தாங்க, 2021ல அது முடிஞ்சுது. அது சரியான முடிவுன்னுதான் நான் நினைக்கிறேன், காலியான பெரிய சுவத்தப் பாத்துப் பழகுனவங்களுக்குக் கஷ்டமா இருந்தாலும். அதே க்யூபிட்டோட படம் லண்டன்ல இருக்கற வெர்மீரோட இன்னொரு ஓவியத்துலயும் சுவத்துல மாட்டியிருக்கு.

இதுல கவனிக்க வேண்டிய ஒண்ணு, அதே டிரெஸ்டன் கேன்வாஸ்ல கீழ வலது மூலையில ஒரு பெரிய ஒயின் கிளாஸும் எக்ஸ்ரேல தெரியுது. அது மேல பச்சைத் திரைய வரைஞ்சு மறைச்சது வெர்மீரே. அதனால அத யாரும் தொடல, தொடவும் கூடாது. ஒரே கேன்வாஸ், ரெண்டு மறைப்பு, ஒண்ண எடுத்தாங்க ஒண்ண விட்டாங்க.

ஆம்ஸ்டர்டாம்: இங்க மறைச்சது முழுக்க வெர்மீர். பொண்ணு தலைக்குப் பின்னாடி சுவத்துல கொக்கி வெச்ச பலகை, அதுல ஜாடிங்க தொங்கும். கருப்புல கோடு போட்டதோட சரி, மேல கொண்டு போகவே இல்ல. கீழ வலது மூலையில இருந்தது மூங்கில் கூடை மாதிரி பின்னுன ஒரு பெரிய கணப்புக் கூடை, உள்ள நெருப்பு வெச்சு மேல குழந்தைத் துணியக் காய வெக்கிறது. அது போய் அங்க இப்ப ஒரு சின்னக் கால் சூடேத்தற பெட்டியும் சுவத்தோரம் டெல்ஃப்ட் ஓடுகளும் இருக்கு. இதெல்லாம் ரகசியம் இல்ல, இது யோசனை. அந்த ஜாடிப் பலகை தலைக்குப் பின்னாடி இருந்திருந்தா கண்ணு அங்க ஒரு நொடி போயிட்டு வரும், இப்ப அவ முகத்துக்கும் பால் விழுற எடத்துக்கும் நடுவுல எதுவும் குறுக்க வர்றதில்ல. சுரண்டி எடுத்து அந்தப் பலகையப் பாக்கலாமேன்னு சிலர் கேக்கறாங்க, எடுத்தா போறது வெர்மீரோட சுவரு.

வாஷிங்டன்: இங்க கேள்வி எத மறைச்சாங்கங்கறது இல்ல, யாரு அடுக்குனாங்கங்கறது. வெர்மீரோட பழக்கம், அடி லேயருக்கு கொரகொரப்பா அரைச்ச கலரு, மேல் லேயருக்கு நைசா அரைச்சது. சீக்கிரம் காயட்டும்னு அடியில செம்பு சேந்த பொருளக் கூட போட்டிருக்காருன்னு அதே கேலரியில இருக்கற சிவப்புத் தொப்பி ஓவியத்துல பாத்தாங்க. புல்லாங்குழல் பொண்ணுல இது தலைகீழா இருந்துச்சு, கொரகொரப்பு மேல வந்து நிக்குது, அதனால முகம் கிட்டத்துல சொரசொரன்னு இருக்கு. வெர்மீருக்குத் தெரிஞ்ச பொருள், தெரிஞ்ச கலரு எல்லாம் இத வரைஞ்சவருக்கும் தெரிஞ்சிருக்கு, நிழல்ல பச்சை மண் போடுற பழக்கம் உட்பட, ஆனா கை பழகல. அதனால வெர்மீர் கூட இருந்து கத்துக்கிட்ட யாரோன்னு முடிவு பண்ணாங்க. இதுக்கு எல்லாரும் ஒத்துக்கல, 2023ல ரெய்க்ஸ்மியூசியம் நடத்துன பெரிய கண்காட்சியில இத வெர்மீர்னே மாட்டுனாங்க. என் பார்வையில வாஷிங்டன்காரங்க வாதம் பலமா இருக்கு, கலரு எதுன்னு கத்துக்கறது சுலபம், எது அடியில எது மேலங்கற பழக்கம் அவ்வளவு சுலபமா இன்னொருத்தர் கைக்குப் போகாது.

யாரும் கை வெக்காமலே வெளிய வர்றது

நாலாவதா ஒண்ணு இருக்கு, அதுக்கு மெஷினே தேவையில்ல. மேல சொன்ன நனைஞ்ச வேட்டி கதைதான். எண்ணெய் வயசாக வயசாக அதோட ஒளிவிலகல் எண் 1.48ல இருந்து மெல்ல ஏறிக்கிட்டே போகும், அதோட காரீயமும் எண்ணெயும் சேந்து உள்ளுக்குள்ள சோப்பு மாதிரி ஒரு பொருளா மாறும், ரெண்டுமே பெயிண்ட ஊடுருவுற மாதிரி ஆக்கிடும். வரைஞ்ச அன்னைக்கு நல்லா மறைச்ச பெயிண்ட் முந்நூறு வருஷம் கழிச்சு மறைக்காது.

இன்னொரு பக்கம் சில கலரு மங்கிப் போகுது. வெர்மீரோட சின்னத் தெரு ஓவியத்துல இலையெல்லாம் இன்னைக்கு நீலமா இருக்கு, நீலத்தோட சேந்திருந்த செடிச்சாய மஞ்சள் வெளிச்சத்துல வெளுத்துடுச்சு. முத்துக் கம்மல் போட்ட பொண்ணுக்குப் பின்னாடி வெறும் கருப்புன்னு நினைச்சுக்கிட்டு இருந்தது, 2018ல சோதனை பண்ணப்ப மடிப்பு விழுந்த பச்சைத் திரைன்னு தெரிஞ்சுது, அவுரி நீலமும் ஒரு செடி மஞ்சளும் கலந்த கிளேஸ், ரெண்டும் கெட்டுப்போயிடுச்சு.

ஆனா இதுக்கெல்லாம் நேர்ல பாக்கக் கூடியது லண்டன் நேஷனல் கேலரியில இருக்கற டி ஹூக்கோட ஒரு ஓவியம், சுமார் 1658. ஜன்னல் வெளிச்சத்துல மேஜையில ரெண்டு ஆம்பளைங்க, கையில கிளாஸத் தூக்கிப் புடிச்சு நிக்கிற ஒரு பொண்ணு, வலது பக்கமா கங்கு வெச்ச தட்டோட வர்ற வேலைக்காரப் பொண்ணு. டி ஹூக் மொதல்ல தரைய முழுசா போட்டு முடிச்சிட்டாரு, ஊசி நூல் வெச்சு கருப்பு வெள்ளைக் கட்டமெல்லாம் அளந்து. அதுக்கப்புறம்தான் அந்த வேலைக்காரப் பொண்ண தரைக்கு மேலயே வரைஞ்சாரு. இப்ப அவ பாவாடைக்குக் கிட்டப் போய் நின்னா துணிக்கு உள்ளேர்ந்து தரைக் கட்டங்கள் ஒவ்வொண்ணா தெரியுது.